கணினி கேள்வி – பதில்: கோப்புப் பகிர்வு சர்வரில் பாதுகாப்பு ஓட்டை

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, லினக்ஸ் கணினியிலிருந்து விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிரும் மென்பொருளான சாம்பா சர்வரைப் பற்றியவை என்பதால், அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதில் தந்திருக்கிறேன். கட்டளைகளும் அமைப்பு வரிகளும் ஒலிப்பின்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. கணினியில் தட்டும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் கணினியில் சாம்பா நிறுவி, எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் அதிலிருந்தே கோப்புகளைப் பகிர்ந்து வருகிறோம். அண்மையில் நடத்திய பாதுகாப்புச் சோதனையில் சிவிஇ-2017-7494 என்ற ஓட்டை இருப்பதாக அறிக்கை வந்தது (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்). அமைப்புக் கோப்பில் 'என்டி பைப் சப்போர்ட் = நோ' என்ற வரியைச் சேர்த்தால் போதும் என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார். அது போதுமா? இந்த ஓட்டையால் அப்படி என்ன கேடு வந்துவிடும்?

பதில்: போதாது. சரியான திருத்தத்தை நிறுவும் வரை சில மணி நேரமோ ஓரிரு நாளோ தாக்குப்பிடிப்பதற்கான ஏற்பாடுதான் அந்த வரி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது விளங்க வேண்டுமானால், ஓட்டை எங்கே இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் கணினி சர்வரோடு பேசும்போது கோப்புகளைத் திறப்பதும் மூடுவதும் மட்டும் நடப்பதில்லை. அங்கே என்னென்ன பகிர்வுகள் உள்ளன, எந்தப் பயனர்கள் உள்ளனர், எந்த அச்சுப்பொறிகள் உள்ளன என்பன போன்ற விவரங்களையும் அது கேட்டுப் பெறுகிறது. இவ்வகைக் கேள்விகள் 'ஐபிசி டாலர்' என்ற சிறப்புப் பகிர்வின் உள்ளே, 'நேம்டு பைப்' எனப்படும் தனித் தடங்களின் வழியாகப் போகின்றன. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. தனக்குத் தெரிந்த பெயர்களைச் சாம்பா ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. கேட்கப்பட்ட பெயர் பட்டியலில் இல்லையென்றால், அந்தப் பெயரில் கூடுதல் மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் நிரற்பகுதி) ஏதேனும் தன்னுடைய மாட்யூல் கோப்புறையில் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் ஏற்றிக்கொள்ளும். கோளாறு இருந்தது இந்த இடத்தில்தான். வெறும் பெயருக்குப் பதிலாகச் சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையை அனுப்பினாலும் சாம்பா மறுக்கவில்லை. அந்தப் பாதையில் எந்தக் கோப்பு இருந்ததோ அதையே மாட்யூல் என்று எண்ணி ஏற்றியது.

இதன் விளைவு என்ன என்று பாருங்கள். எழுதும் உரிமை உள்ள ஏதாவது ஒரு பகிர்வில், தன் நிரல் அடங்கிய 'டாட் எஸ்ஓ' கோப்பு ஒன்றைத் தாக்குபவர் சாதாரணமாக நகலெடுத்து வைக்கிறார். பிறகு அந்தக் கோப்பின் முழுப் பாதையைப் பைப்பின் பெயராகக் கொடுத்துத் திறக்கச் சொல்கிறார். சர்வர் தானாகவே அந்த நிரலை ஏற்றி, ரூட் உரிமையோடு, அதாவது கணினியின் முழு நிர்வாக உரிமையோடு, இயக்கிவிடுகிறது. சர்வருக்குள் அந்தப் பகிர்வு எந்தப் பாதையில் இருக்கிறது என்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாதே என்று தோன்றலாம். பகிர்வுகளின் விவரத்தைக் கேட்டால் சர்வரே பாதையைச் சொல்லிவிடுவதும் உண்டு. சொல்லாவிட்டாலும், வழக்கமாக எல்லோரும் வைக்கும் பத்துப் பதினைந்து பாதைகளை முயன்று பார்ப்பது பெரிய வேலை இல்லை.

சாம்பா குழு இதை 2017 மே 24 அன்று அறிவித்தது. 2010 மார்ச் மாதம் வெளியான 3.5.0 தொடங்கி அன்று வரை வந்திருந்த எல்லாப் பதிப்புகளிலும் இந்த ஓட்டை இருந்தது. அதாவது ஏழு ஆண்டுகளுக்கும் மேல் யாரும் கவனிக்கவில்லை. 4.6.4, 4.5.10, 4.4.14 ஆகிய பதிப்புகளில் திருத்தம் வந்தது. அறிவிப்பு வெளியான அந்த மே மாதம் முடிவதற்குள்ளேயே, இணையத்துக்குத் திறந்து கிடந்த சர்வர்களில் மறைநாணயம் தோண்டும் நிரலை ஏற்றும் தாக்குதல்கள் பதிவாகத் தொடங்கிவிட்டன.

உங்கள் நண்பர் சொன்ன வரிக்கு வருவோம். அது சாம்பா குழுவே தற்காலிக வழியாக அறிவித்த ஒன்றுதான், தவறான யோசனை அன்று. 'குளோபல்' பகுதியில் அதைச் சேர்த்துச் சர்வரை மறுதொடக்கம் செய்தால், பைப்களைத் திறக்கும் வழியே அடைபடுகிறது. எனவே இந்தத் தாக்குதலும் நடக்காது. ஆனால் தாக்குபவருக்கு அடைபட்ட வழி உங்கள் அலுவலகக் கணினிகளுக்கும் அடைபடுகிறது. சர்வரின் பெயரைத் திறந்தால் பகிர்வுகளின் பட்டியல் வராது. அனுமதிகளைப் பார்க்கும் சாளரத்தில் பயனர் பெயர்கள் சரியாகத் தெரியாமல் போகலாம். ஓரிரு நாளில் யாராவது வந்து 'சர்வர் தெரியவில்லை' என்று முறையிடுவார்கள். அப்போது அவசரத்தில் இருக்கும் வேறொரு நிர்வாகி, காரணம் தெரியாமல் அந்த வரியை நீக்கிவிடுவார். ஓட்டை மீண்டும் திறந்துவிடும், யாருக்கும் தெரியாமலே. தற்காலிக வழிகளை மாதக்கணக்கில் விட்டுவைப்பதை நான் ஏற்காததற்கு இதுவே முதற்காரணம்.

ஆகவே இன்றே அந்த வரியைச் சேருங்கள். கூடவே, ஏன் சேர்த்தீர்கள், எப்போது நீக்கலாம் என்பதை அதற்கு மேலேயே குறிப்பு வரியாக எழுதிவையுங்கள். பகிர்வுக் கோப்புறை தனி வட்டுப் பிரிவில் இருந்தால், அதை 'நோஎக்செக்' விருப்பத்தோடு மவுன்ட் செய்வதும் உதவும். அப்படிச் செய்தால் அந்தப் பிரிவில் உள்ள எந்தக் கோப்பையும் நிரலாக ஏற்ற முடியாது. அதன்பின் உங்கள் லினக்ஸ் விநியோகம் தரும் புதிய சாம்பா பொதியை (நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்பை) நிறுவுங்கள். இந்த ஓட்டை உங்கள் சர்வரில் இன்னும் இருக்கிறது என்றால், அடியில் உள்ள இயங்குதளமே ஆதரவுக் காலம் முடிந்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி. அப்படியானால் இந்த ஓர் ஓட்டையை மட்டும் அடைப்பதில் பயன் குறைவு. ஆதரவில் உள்ள பதிப்புக்கு முழுமையாக மாறுவதற்கான நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சாம்பா குழு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு புதிய வரிசையை வெளியிட்டு, ஒரே நேரத்தில் மூன்று வரிசைகளுக்கு மட்டுமே பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. அதற்கும் பழையது என்றால் விநியோகம் தரும் திருத்தத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

கேள்வி: நான் பொதியைப் புதுப்பித்துவிட்டேன். ஆனாலும் சோதனைக் கருவி 'பழைய பதிப்பு, ஓட்டை உள்ளது' என்றே சொல்கிறது. 'எஸ்எம்பிடி -வி' என்று தட்டினாலும் பழைய எண்ணே வருகிறது. திருத்தம் நிறுவப்பட்டதா, இல்லையா?

பதில்: இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கலந்திருக்கின்றன. வட்டில் உள்ள நிரல் திருத்தப்பட்டதா என்பது ஒன்று. இந்த நிமிடம் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது அந்தத் திருத்தப்பட்ட நிரல்தானா என்பது மற்றொன்று. பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இரண்டாவதுதான்.

முதலில் எண்ணைப் பார்ப்போம். டெபியன், ரெட்ஹாட் போன்ற விநியோகங்கள் நிலையான பதிப்புகளில் சாம்பாவின் பதிப்பு எண்ணைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. புதிய பதிப்பில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துத் தம்மிடம் உள்ள பழைய பதிப்பில் பொருத்தி, பொதியின் எண்ணுக்குப் பின்னே உள்ள ஒட்டை மட்டும் உயர்த்துகின்றன. எடுத்துக்காட்டாக, நாம் மேலே பேசிய ஓட்டைக்கு டெபியன் 8-இல் வந்த திருத்தம் 4.2.14 என்ற எண்ணிலேயே வந்தது. கடைசியில் உள்ள 'டெப்8யு6' என்ற ஒட்டுதான் அது திருத்தப்பட்டது என்பதைக் காட்டியது. சாம்பா குழுவின் அறிவிப்பில் திருத்தப்பட்ட பதிப்பாக 4.4.14-க்குக் கீழே உள்ள எண் எதுவுமே இல்லை. எண்ணை மட்டும் ஒப்பிடும் சோதனைக் கருவி இத்தகைய சர்வரைப் பார்த்தால் ஓட்டை என்றுதான் சொல்லும். எனவே பொதியின் முழு எண்ணை எடுத்துக்கொண்டு, உங்கள் விநியோகம் அந்த சிவிஇ எண்ணுக்கு வெளியிட்ட அறிவிப்போடு ஒப்பிடுங்கள். அல்லது பொதியோடு வரும் மாற்றப் பதிவேட்டில் அந்த எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், சோதனை அறிக்கையில் அதைச் சான்றாக இணைத்துவிடலாம்.

இனி இரண்டாவது. சாம்பாவின் முதன்மைச் செயல்முறையான எஸ்எம்பிடி, இணைப்புக்கு வரும் ஒவ்வொரு கணினிக்கும் தன்னைப் போலவே ஒரு கிளைச் செயல்முறையை உருவாக்கிக் கொடுக்கிறது. நீங்கள் பொதியைப் புதுப்பிக்கும்போது வட்டில் உள்ள கோப்புகள் மாறுகின்றன. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் முதன்மைச் செயல்முறையும் அதன் கிளைகளும் பழைய நிரலையே நினைவகத்தில் வைத்துக்கொண்டு தொடர்கின்றன. அமைப்புக் கோப்பை மீண்டும் படிக்கச் சொல்லும் 'ரீலோட்' கட்டளை இதற்குப் பயன்படாது. அது அமைப்புகளைத்தான் மாற்றும், நிரலை மாற்றாது. பல விநியோகங்களில் புதுப்பிப்பே சேவையை மறுதொடக்கம் செய்துவிடும் என்றாலும், சிலவற்றில் செய்யாது. சில நிர்வாகிகள் அந்தத் தானியங்கி வசதியை நிறுத்தியும் வைத்திருப்பார்கள்.

சரிபார்ப்பது எளிது. ரூட் உரிமையோடு 'ப்ராக்' கோப்புறையில் எஸ்எம்பிடி செயல்முறையின் எண்ணுக்குரிய 'மேப்ஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள். சாம்பாவின் நூலகக் கோப்புகளின் பெயருக்குப் பக்கத்தில் 'டிலீட்டட்' என்ற சொல் இருந்தால், வட்டிலிருந்து நீக்கப்பட்ட பழைய கோப்பை அந்தச் செயல்முறை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எல்லா எஸ்எம்பிடி செயல்முறைகளுக்கும் இதைப் பாருங்கள். பயனர் விவரங்களைத் தேடித் தரும் சாம்பாவின் 'வின்பைண்ட்டி' சேவை ஓடினால் அதற்கும் பாருங்கள். சர்வரைக் கன்டெய்னரில் இயக்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அடியில் உள்ள கணினியில் பொதியைப் புதுப்பித்தாலும் கன்டெய்னருக்குள் இருக்கும் சாம்பா மாறாது. புதிய இமேஜை உருவாக்கி, கன்டெய்னரைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

மறுதொடக்கம் செய்வதற்கு முன் 'எஸ்எம்பிஸ்டேட்டஸ்' கட்டளையை இயக்கி, யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வேர்டு ஆவணங்களும் விரிதாள்களும் பெரும்பாலும் மீண்டும் இணைந்துகொள்ளும். பகிர்வில் வைத்தே இயக்கப்படும் கணக்கு மென்பொருள், தரவுத்தளம் போன்றவை நடுவில் இணைப்பு அறுந்தால் கெட்டுப்போகக்கூடும். அவற்றைத் திறந்திருப்பவர்களிடம் சொல்லி மூடச் செய்த பிறகே மறுதொடக்கம் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் சர்வர் அலுவலகத்துக்கு உள்ளேதான் இருக்கிறது, இணையத்தில் இல்லை. பிறகு ஏன் இவ்வளவு அவசரம்?

பதில்: உள்ளே இருக்கும் மடிக்கணினி ஒன்றில் தீநிரல் புகுந்துவிட்டால், அது உங்கள் சர்வரைப் பார்ப்பதும் 'உள்ளே' இருந்துதான். 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை நிரல், விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்திக் கணினிக்குக் கணினி தானாகவே தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது; இடையில் இருந்த ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அதை நிறுவாத அலுவலகங்கள்தாம் பெருமளவில் சிக்கின. அது வேறு ஓட்டை, சாம்பாவில் உள்ளது அன்று. ஆனால் இரண்டும் இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் வாசல், அதாவது போர்ட், 445 ஒன்றே.

இணையத்தில் இல்லை என்பதையும் ஒருமுறை வெளியிலிருந்து சோதித்துவிடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக என்றோ ஒருநாள் ரவுட்டரில் யாராவது 445-ஐத் திருப்பிவிட்டு மறந்திருக்கலாம். தொலைவிலிருந்து கோப்பு வேண்டுபவர்களுக்கு விபிஎன் கொடுங்கள். 139, 445 ஆகிய போர்ட்களை இணையத்துக்குத் திறக்க எந்தக் காரணமும் போதாது. உள்ளேயும், 'ஹோஸ்ட்ஸ் அலவ்' வரியில் தேவையான முகவரித் தொகுதியை மட்டும் குறிப்பிட்டு, விருந்தினர்களுக்கான வைஃபையிலிருந்து சர்வரே தெரியாதபடி ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள். கடவுச்சொல் இன்றி யாரும் எழுதக்கூடிய பொதுக் கோப்புறை இருந்தால், அதை முதலில் மூடுங்கள். முன்பு விளக்கிய தாக்குதலுக்கு வேண்டியது எழுதும் உரிமை ஒன்றுதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களிடம் மேக் கணினிகள் மிகுதி. சாம்பாவின் 'ஃப்ரூட்' மாட்யூலில் ஓட்டை இருப்பதாகவும், அதை நீக்கிவிட வேண்டும் என்றும் படித்தேன். நீக்கலாமா?

பதில்: யோசிக்காமல் நீக்காதீர்கள். நீங்கள் படித்தது சிவிஇ-2021-44142 என்ற ஓட்டையைப் பற்றியதாக இருக்கும். அது 2022 ஜனவரி 31 அன்று அறிவிக்கப்பட்டது; கடுமை மதிப்பீடு 10-க்கு 9.9. மேக் கணினிகள் ஒவ்வொரு கோப்போடும் கூடுதல் பண்புகளைச் சேமிக்கின்றன. அவற்றைப் படிக்கும் இடத்தில், ஒதுக்கிய நினைவகத்தின் எல்லையைத் தாண்டிப் படிக்கவும் எழுதவும் வாய்ப்பு இருந்தது. அந்தப் பண்புகளை எழுதும் உரிமை உள்ள எவரும் இதைக் கொண்டு ரூட் உரிமையில் தம் நிரலை இயக்கலாம். 4.13.17, 4.14.12, 4.15.5 ஆகிய பதிப்புகளில் இது சரிசெய்யப்பட்டது.

'விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ்' வரியிலிருந்து ஃப்ரூட்டை எடுத்துவிடுவது தற்காலிக வழியாக அறிவிக்கப்பட்டது உண்மையே. ஆனால் எடுத்துவிட்டால், ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும் அந்தக் கூடுதல் பண்புகள் மேக் கணினிகளுக்குத் தெரியாமல் போகும். கோப்பு கெட்டுவிட்டது, நிறக் குறியீடுகள் மறைந்துவிட்டன என்று பயனர்கள் பதறுவார்கள். அந்த நிலையில் அவர்கள் கோப்புகளை மீண்டும் சேமித்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். ஃப்ரூட்டின் மற்ற விருப்பங்களை மாற்றிப் பார்ப்பதும் இதே விளைவைத் தரும். உங்கள் விநியோகத்தில் திருத்தம் இருக்கிறது என்றால், மாட்யூலைத் தொடாமல் திருத்தத்தை மட்டும் நிறுவுவதே சரி.

கேள்வி: லினக்ஸ் கர்னலில் உள்ள கோப்புப் பகிர்வு சர்வரில் 10-க்கு 10 மதிப்பீடு பெற்ற ஓட்டை என்று செய்தி வந்ததே, எங்கள் சாம்பாவுக்கும் அது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 2022 டிசம்பர் 22 அன்று வெளியான அந்தத் தகவல் 'கேஎஸ்எம்பிடி' என்ற மாட்யூலைப் பற்றியது. அது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் 5.15 பதிப்பில் சேர்க்கப்பட்ட தனிச் சர்வர். சாம்பாவோ கர்னலுக்கு வெளியே இயங்கும் வேறு மென்பொருள். 'எல்எஸ்மாட்' கட்டளையில் கேஎஸ்எம்பிடி என்ற பெயர் வராவிட்டால் அது உங்கள் கணினியில் இயங்கவில்லை. வந்தால், கர்னல் 5.15.61-க்கு முந்தையதா என்று பாருங்கள். அந்த ஓட்டைக்கான திருத்தம் செய்தி வெளியாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அதில் வந்துவிட்டது.

கேள்வி: நான் சி மொழியில் நிரல் எழுதக் கற்று வருகிறேன். இத்தகைய ஓட்டைகளைச் சரிசெய்யும் திருத்தம் எப்படி இருக்கும்? நானே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கேள்வி எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது. பாதுகாப்புத் திருத்தங்களைப் படிப்பது நிரலெழுதக் கற்பவர்களுக்கு மிகச் சிறந்த பயிற்சி என்பது என் உறுதியான எண்ணம். பெரும்பாலான திருத்தங்கள் ஒரே அமர்வில் படித்துவிடும் அளவே இருக்கும்.

முதல் பதிலில் விளக்கிய ஓட்டையையே எடுத்துக்கொள்வோம். வந்திருக்கும் பைப் பெயர் தெரிந்ததா என்று முடிவு செய்யும் செயற்கூறு ஒன்று சாம்பாவில் உண்டு. அதன் தொடக்கத்தில் சில வரிகள் சேர்க்கப்பட்டன. பெயருக்குள் எங்கேனும் சாய்கோடு இருக்கிறதா என்று, எழுத்தைத் தேடும் சி செயற்கூறான 'எஸ்டிஆர்சிஎச்ஆர்' கொண்டு தேடு. இருந்தால், இந்தப் பைப்பைத் திறக்க மறுக்கிறேன் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுத் தெரியாத பெயர் என்று திருப்பி அனுப்பு. திருத்தம் அவ்வளவுதான்.

அந்தச் சில வரிகளில் கவனிக்க வேண்டியவை உண்டு. சாய்கோட்டை நீக்கிவிட்டு மீதியை ஏற்றுக்கொள்ளலாம் என்று திருத்தியவர் எண்ணவில்லை. பைப் பெயரில் சாய்கோடு வருவதற்கு முறையான காரணம் எதுவும் இல்லாததால், வந்த கோரிக்கையையே முழுவதும் மறுத்துவிட்டார். உள்ளீட்டைச் 'சுத்தம்' செய்து ஏற்கும் நிரல்களில், சுத்தம் செய்த பிறகு மிஞ்சுவதே தாக்குதலாகும்படி உள்ளீட்டை அமைக்க முடிந்த நிகழ்வுகள் ஏராளம். நேராக மறுக்கும் நிரலில் அந்த இடுக்கு இருக்காது. பெயரின் முதல் எழுத்தை மட்டும் சோதிக்காமல் பெயர் முழுவதையும் சோதித்ததும் சரியான முடிவு. முதல் எழுத்தை மட்டும் பார்த்திருந்தால், இரண்டு புள்ளியில் தொடங்கி மேல் கோப்புறைக்கு ஏறிச் செல்லும் பாதைகள் தப்பியிருக்கும். சோதனை வைக்கப்பட்ட இடத்தையும் பாருங்கள்: மாட்யூலை ஏற்றும் வரிக்குச் சற்று முன்னால் அன்று, பெயர் உள்ளே நுழையும் இடத்திலேயே. 

ஆனால் வேலை அங்கே முடியவில்லை. பெயரைக் கொடுத்து மாட்யூலைத் தேடுவதற்கும் முழுப் பாதையைக் கொடுத்துத் தேடுவதற்கும் சாம்பாவில் ஒரே செயற்கூறு இருந்ததுதான் இந்த ஓட்டைக்கு வேர். எனவே பின்னர் அவை இரண்டு செயற்கூறுகளாகப் பிரிக்கப்பட்டன. பெயரை எதிர்பார்க்கும் செயற்கூறு, பாதை வந்தால் ஏற்காது. ஓர் ஓட்டையை அடைத்தவர், அதே அச்சில் வேறெங்கே ஓட்டை இருக்கும் என்று நிரல் முழுவதும் தேடுவதும், மீண்டும் திறந்துவிடாதபடி ஒரு தானியங்கிச் சோதனையை எழுதி வைப்பதும் திருத்தத்தின் பகுதிகளே. நீங்கள் திருத்தம் எழுதும்போது இவற்றைச் செய்யுங்கள்.

நீங்களே ஓட்டையைக் கண்டுபிடித்தால், முதலில் பொது விவாதத்திலோ பொதுப் பிழைப் பட்டியலிலோ எழுதாதீர்கள். சாம்பா போன்ற திட்டங்களுக்குப் பாதுகாப்புக்கென்றே தனி மின்னஞ்சல் முகவரி உண்டு. எந்தப் பதிப்பில், எந்த அமைப்பில், எப்படிச் செய்தால் ஓட்டை வெளிப்படுகிறது என்பதை, அவர்களும் செய்து பார்க்கும் அளவுக்குத் தெளிவாக அங்கே எழுதுங்கள். அவர்கள் சிவிஇ எண் பெற்று, திருத்தத்தை எழுதி, விநியோகங்களுக்கு முன்கூட்டியே இரகசியமாகத் தந்து, ஒரே நாளில் எல்லோரும் வெளியிடும்படி ஏற்பாடு செய்வார்கள். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பொறுத்திருப்பது முறை.

2016-இல், சாம்பாவையும் விண்டோஸையும் பாதித்த 'பேட்லாக்' என்ற ஓட்டைக்கு நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். அதன் பெயரும் சின்னமும் மார்ச் 22 அன்றே வெளியிடப்பட்டன. திருத்தம் வந்ததோ ஏப்ரல் 12 அன்று. நிர்வாகிகள் அந்த நாளுக்கு ஆயத்தமாக இருக்கட்டும் என்பதுதான் நோக்கம் என்று சொல்லப்பட்டது. அதில் நியாயம் உண்டு என்றாலும், எந்த மென்பொருளில் தேட வேண்டும் என்ற துப்பை மூன்று வாரம் முன்னதாகவே எல்லோருக்கும் தந்துவிட்டதாகவே நான் கருதுகிறேன். திருத்தமும் விவரமும் ஒரே நாளில் வெளிவருவதுதான் பயனர்களுக்கு நல்லது.

கேள்வி: எங்கள் சர்வரில் பல மாதங்களாகத் திருத்தம் நிறுவாமல் இருந்துவிட்டோம். யாராவது ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: திருத்தம் கதவை மூடுகிறது, ஏற்கெனவே உள்ளே வந்தவரை வெளியேற்றுவதில்லை. எனவே இந்தக் கேள்வியைக் கேட்டது மிகச் சரி. முதலில், மறுதொடக்கம் செய்வதற்கு முன்பே, ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறைகளின் பட்டியலையும் திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியலையும் வேறு கணினியில் சேமித்துவிடுங்கள். மறுதொடக்கம் செய்தால் அந்தத் தடயங்கள் அழிந்துவிடும்.

பகிர்வுக் கோப்புறைகளில் 'டாட் எஸ்ஓ' என்று முடியும் கோப்புகளைத் தேடுங்கள். ஆவணங்கள் வைக்கும் இடத்தில் அத்தகைய கோப்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பொருளற்ற எழுத்துகளால் ஆன பெயரோடு ஒன்று கிடைத்தால் ஐயம் வலுவாகிறது. பெயரை மாற்றி வைத்திருக்கவும் கூடும் என்பதால், 'ஃபைல்' கட்டளையால் கோப்பின் உண்மையான வகையையும் பாருங்கள். எஸ்எம்பிடி செயல்முறையின் மேப்ஸ் கோப்பில், பகிர்வுக் கோப்புறையின் பாதையில் உள்ள ஏதேனும் கோப்பு ஏற்றப்பட்டிருக்கிறதா? எஸ்எம்பிடி-யின் கிளையாக ஷெல் ஏதேனும் ஓடுகிறதா? யாரும் வேலை செய்யாத நேரத்திலும் சிபியு முழு வேகத்தில் இருக்கிறதா? குறித்த நேரத்தில் தானாக இயங்கும் வேலைகளுக்கான கிரான் பட்டியலிலும், ரூட் பயனர் தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவிக் கோப்பிலும் உங்களுக்குத் தெரியாத வரி உள்ளதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் அந்தக் கணினியை வலையிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். ரூட் உரிமை பறிபோன கணினியைச் சுத்தம் செய்து தொடர்ந்து பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, ஐயத்துக்கு முந்தைய காப்புப்படியிலிருந்து தரவை மட்டும் எடுத்து வையுங்கள். அந்தச் சர்வரில் இருந்த எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

கேள்வி: எங்களிடம் உள்ள நாஸ் பெட்டிக்கு (வலையில் இணைக்கும் கோப்புச் சேமிப்புக் கருவி)த் தயாரிப்பாளர் அப்டேட் தருவதை நிறுத்திவிட்டார். உள்ளே சாம்பாதான் இருக்கிறது. நாங்களே புதிய சாம்பாவை ஏற்றலாமா?

பதில்: பெரும்பாலான பெட்டிகளில் அதற்கு வழி இருக்காது, இருந்தாலும், அடியில் உள்ள கர்னலும் நிர்வாகப் பக்கமும் பழையவையாகவே இருக்கும். மாற்றுப் பெட்டி வரும் வரை அதை இணையத்திலிருந்து முற்றிலும் துண்டித்து, ரவுட்டரில் அதற்காகத் தானாகத் திறக்கப்பட்ட போர்ட்கள் இருந்தால் மூடி, விருந்தினர் அனுமதியை நிறுத்தி, இயன்ற பகிர்வுகளைப் படிப்பதற்கு மட்டும் என்று மாற்றுங்கள். அதில் மட்டுமே இருக்கும் தரவு ஏதேனும் இருந்தால் இன்றைக்கே வேறிடத்தில் நகலெடுங்கள்.

கேள்வி: சாம்பாவைப் புதுப்பித்த பிறகு எங்கள் பழைய ஸ்கேனர் இயந்திரம் சர்வரில் கோப்புகளைச் சேமிக்க மறுக்கிறது. என்ன செய்வது?

பதில்: 2019-இல் வந்த 4.11 முதல், நெறிமுறையின் முதல் பதிப்பான எஸ்எம்பி1-ஐச் சாம்பா இயல்பிருப்பாக ஏற்பதில்லை. உங்கள் ஸ்கேனருக்கு அது மட்டுமே தெரியும் போலிருக்கிறது. 'சர்வர் மின் புரோட்டோகால்' வரியை மாற்றி அதை மீண்டும் இயக்கிவிடலாம். ஆனால் ஓர் இயந்திரத்துக்காக எல்லாக் கணினிகளுக்கும் பழைய நெறிமுறையைத் திறந்துவிட வேண்டாம். முதலில் ஸ்கேனரின் ஃபர்ம்வேருக்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலுக்கோ யூஎஸ்பி-க்கோ ஸ்கேன் செய்யும் வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். அதுவும் இல்லாவிட்டால், வேறு எந்தத் தரவும் இல்லாத சிறிய கணினி ஒன்றில் தனிச் சாம்பாவை நிறுவி, அங்கே மட்டும் எஸ்எம்பி1-ஐ இயக்கி, ஸ்கேனரின் முகவரியை மட்டும் 'ஹோஸ்ட்ஸ் அலவ்' வரியில் கொடுங்கள். அங்கே சேரும் கோப்புகளை முதன்மைச் சர்வர் எஸ்எஸ்எச் வழியாகத் தானே போய் எடுத்து வரும்படி அமையுங்கள். அந்தச் சிறிய கணினியிலிருந்து முதன்மைச் சர்வருக்குள் நுழைய எந்த அனுமதியும் தர வேண்டாம்.